எண்ணெய் விலை சரியும்போது வளைகுடாப் பத்திரிகையை எப்படிப் படிப்பது?

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி தம்மாமில் ஒரு கட்டுமான கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். கச்சா எண்ணெய் விலை சரிகிறது என்று சென்னைப் பத்திரிகைகளில் நல்ல சேதி மாதிரி வருகிறது. தம்பி படிக்கிற சவுதி ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்தால் எல்லாம் சுமுகமாக இருக்கிறது: புதுத் திட்டங்கள், வளரும் பொருளாதாரம், கையெழுத்தாகும் ஒப்பந்தங்கள். வீட்டுக் கடன் தவணை அவன் அனுப்பும் பணத்தில்தான் ஓடுகிறது. யாரை நம்புவது, எதைப் படிப்பது என்பது அவருடைய கேள்வி.

இரண்டு பத்திரிகையும் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டிய சேதி இரண்டிலும் முதல் பக்கத்தில் வராது. எண்ணெய் விற்றுப் பிழைக்கும் நாட்டில் விலைச் சரிவு என்பது ‘விலை’ என்ற தலைப்பில் வருவதில்லை. கட்டண உயர்வாக வரும், சுற்றறிக்கையாக வரும், பட்ஜெட்டின் நடுவில் ஒரு வரியாக வரும். சில சமயம் வராமலே போகும். அண்ணா சாலையில் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்திலும், பிறகு சில வருடம் வளைகுடாவில் ஓர் ஆங்கில நாளிதழின் டெஸ்கிலும் வேலை பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

நம்மூர்ப் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அதனால் விலை இறங்கினால் இங்கே டெஸ்கில் தானாக விழும் தலைப்பு ‘பெட்ரோல் விலை குறையுமா?’ என்பதுதான். பெரும்பாலும் குறையாது. 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை மத்திய அரசு கலால் வரியை ஒன்பது தடவை ஏற்றியது. பெட்ரோலில் லிட்டருக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலில் 13 ரூபாய் 47 காசு. 2020 மே மாதம் ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய். உலகச் சந்தையில் இறங்கியதை அரசு எடுத்துக்கொண்டது; பெட்ரோல் பங்கில் நிற்கிறவருக்கு மிச்சம் எதுவும் வரவில்லை. இதைக்கூட நம் பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. எழுதாமல் விடுவது வேறு ஒன்று. அதே விலைச் சரிவு ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் பெரம்பூரிலும் மணியார்டர் மாதிரி மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் பணத்தைத் தொடுகிறது என்பது. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்புப்படி வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் வளைகுடா நாடுகளின் பங்கு சுமார் 38 சதவீதம்; வந்த மொத்தப் பணத்தில் தமிழ்நாட்டுக்குச் சேருவது 10 சதவீதத்துக்குச் சற்று மேல். பெட்ரோல் சேதி வணிகப் பக்கத்தில் வரும். வேலை போய்த் திரும்பியவரின் சேதி மாவட்டப் பக்கத்தில் வரும். இரண்டு பக்கத்தையும் வேறு வேறு ஆட்கள் பார்க்கிறார்கள், அதனால் இரண்டு சேதியும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

(சென்னையிலேயே விலைச் சரிவால் அடிபடுகிறவர்கள் உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலை விலை அதிகமாக இருந்தபோது வாங்கிய கச்சா எண்ணெய் டேங்கில் கிடக்கும்போதே விலை விழுந்தால், அந்தக் கையிருப்பே நஷ்டமாகிவிடும். 2019-20 கணக்கில் அந்த ஆலைக்குப் பெருத்த நஷ்டம் வந்ததில் இதற்குப் பங்கு உண்டு.)

இனி வளைகுடா. அங்கே ஒரு சேதி எப்படிப் பக்கத்துக்கு வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அரசு செய்தி நிறுவனம் இருக்கிறது: சவுதிக்கு எஸ்பிஏ, அமீரகத்துக்கு வாம், குவைத்துக்கு குனா, ஓமனுக்கு ஓஎன்ஏ. மந்திரிசபை கூடினால், மன்னர் உத்தரவு போட்டால், நிதி அமைச்சகம் வாய் திறந்தால், அந்தச் செய்திக் காப்பி அதிலிருந்துதான் வரும். அதை அப்படியே போடுவது வழக்கம். தலைப்பில் கை வைக்கலாம், வரிசையில் கை வைக்க யோசிப்பார்கள். அதே மாலையில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களான ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி காப்பிகளும் வரும். பற்றாக்குறை எவ்வளவு விரியலாம், எந்தத் திட்டம் தள்ளிப்போகலாம் என்ற விஷயமெல்லாம் அவற்றில் ஆறாவது ஏழாவது பத்தியில் இருக்கும். பக்கத்தில் இடம் இல்லை என்று வெட்டும்போது கத்தி எங்கே விழும் என்று யாரும் உத்தரவு போடத் தேவையில்லை. கீழேயிருந்து வெட்டுவது உலகம் முழுக்க சப் எடிட்டரின் வழக்கம்தானே. கைக்குப் பழக்கமாகிவிடும்.

அந்த டெஸ்கில் உட்கார்ந்திருப்பது யார் என்பதும் முக்கியம். ஆங்கிலப் பத்திரிகைகளில் பெரும்பாலும் மலையாளி, தமிழர், பாகிஸ்தானி, பிலிப்பினோ, கொஞ்சம் பிரிட்டிஷ்காரர். எல்லோருடைய விசாவும் பத்திரிகையின் பெயரில் இருக்கும். அமீரகத்தில் வதந்தி, பொய்ச் செய்தி பரப்புவதற்கு எதிராக 2021இல் வந்த சட்டத்தில் சிறை உண்டு. சவுதியில் முதன்மை ஆசிரியர் நியமனத்துக்கே அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். ஓமனில் 2016இல் நீதித்துறை ஊழலைப் பற்றி எழுதிய அஸ்ஸமன் நாளிதழை மூடியே விட்டார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒருவர் பட்ஜெட் பற்றாக்குறைக்குத் தலைப்பு வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கோழைத்தனம் என்று இங்கே உட்கார்ந்து சொல்வது சுலபம்.

பொய் எழுதாமலே சேதியை மென்மையாக்கச் சில வழிகள் உண்டு. விலை ஒரு மாதத்தில் 15 டாலர் இறங்கியிருக்கும். நேற்றைக்கு இன்று 40 சென்ட் ஏறியிருக்கும். தலைப்பு 40 சென்ட் ஏற்றத்துக்குப் போகும். ஏறினால் அது அமைச்சரின் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி, இறங்கினால் அது உலகச் சந்தையின் போக்கு. எண்ணெய் வருவாய் குறைந்த வருடத்தில் எண்ணெய் அல்லாத வருவாய் என்ன ஆயிற்று என்பது லீட், அதாவது முதன்மைச் செய்தி ஆகும். 2025 முதல் காலாண்டில் சவுதி நிதி அமைச்சகம் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வருவாய் முந்தைய ஆண்டைவிட 18 சதவீதம் குறைவு. மற்ற வருவாய் 2 சதவீதம் கூடுதல். பற்றாக்குறை 5,870 கோடி ரியால். அந்த வருடம் முழுமைக்கும் பட்ஜெட்டில் போட்ட பற்றாக்குறையே 10,100 கோடிதான். மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. எல்லா எண்ணும் வெளிப்படையாக அச்சில் உண்டு. ஒளித்தார்கள் என்று சொல்லவே முடியாது. எந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டார்கள் என்பதில்தான் விஷயம்.

2014இலிருந்து 2017 வரை நடந்ததை வரிசையாகச் சொன்னால் இது நன்றாக விளங்கும். 2014 ஜூனில் உலக விலைக்கு அளவுகோலான பிரெண்ட் கச்சா எண்ணெய் பேரலுக்கு 115 டாலரைத் தொட்டது. 2016 ஜனவரியில் 28 டாலருக்குக் கீழே போனது. நடுவில் 2014 நவம்பர் 27ஆம் தேதி வியன்னாவில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக் கூடி உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று முடிவெடுத்தது. சவுதி எண்ணெய் அமைச்சர் அலி அல் நயீமியின் வாதம் எளிமையானது: நாங்கள் குறைத்தால் அமெரிக்காவில் ஷேல் பாறையிலிருந்து எண்ணெய் எடுப்பவர்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொள்வார்கள். வளைகுடாப் பத்திரிகைகளுக்கு இது பெரிய வசதியாகப் போயிற்று. விலை விழவில்லை, நாம் சந்தைப் பங்கைக் காக்கிறோம் என்று எழுத முடிந்தது. ஓர் ஆண்டு முழுக்க அப்படித்தான் ஓடியது.

பிறகு 2015 டிசம்பர் 28. சவுதி பட்ஜெட். அந்த வருடப் பற்றாக்குறை 36,700 கோடி ரியால், அதாவது சுமார் 9,800 கோடி டாலர். அன்றே பெட்ரோல் விலை ஏற்றம்: 95 ஆக்டேன் லிட்டர் 60 ஹலாலாவிலிருந்து 90 ஹலாலாவுக்கு (நூறு ஹலாலா ஒரு ரியால்). மின்சாரம், தண்ணீர்க் கட்டணமும் ஏறியது. பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எண்ணெய் விலை விழுந்த சேதி சவுதிக் குடிமகனின் வீட்டுக்குள் நுழைந்தது பெட்ரோல் விலை ஏறிய சேதியாகத்தான். 2016 ஏப்ரலில், எண்ணெயை நம்பியிருப்பதைக் குறைக்கும் ‘விஷன் 2030’ திட்டம் வந்தது. அதிலிருந்து எந்தச் சிக்கனமும் சிக்கனம் என்று எழுதப்படவில்லை; சீர்திருத்தம் ஆனது. செப்டம்பரில் மந்திரிகளின் சம்பளத்தில் 20 சதவீத வெட்டு, அரசு ஊழியரின் பல படிகள் நிறுத்தம். 2017 ஏப்ரலில் படிகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. நிறுத்தியபோது உத்தரவின் வாசகமாகப் பக்கத்தில் கிடந்தது. கொடுத்தபோது முதல் பக்கக் கொண்டாட்டம்.

இதுவரை சொன்னதெல்லாம் குடிமக்களைப் பற்றிய சேதி. உங்கள் தம்பியைப் பற்றிய சேதி இதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது, அது பக்கத்தில் வரவில்லை. நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இது. எண்ணெய்ப் பணம் குறைந்தால் அரசு முதலில் தன் ஊழியர் சம்பளத்தில் கை வைக்காது. கான்டிராக்டருக்குத் தர வேண்டிய பில்லைத் தள்ளிப்போடும். அதற்கு உத்தரவு வேண்டாம், கெஜட் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம். ஃபைல் மேஜையில் கிடந்தால் போதும். பெரிய கான்டிராக்டர் சப் கான்டிராக்டரை இழுத்தடிப்பார். சப் கான்டிராக்டர் லேபர் கேம்ப் சம்பளத்தை நிறுத்துவார். யாரும் எதையும் அறிவிக்காததால் நிருபருக்கு எழுத ‘சேதி’ என்று ஒன்றும் இருக்காது. 2015இலும் அப்படித்தான் மாதக்கணக்கில் ஓடியது.

வெடித்தபோதுதான் எழுதினார்கள். 2016 ஏப்ரல் கடைசியில் அரபு நாளிதழான அல் வதன், பெரிய கட்டுமான கம்பெனியான பின்லாதின் குழுமம் 50,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களை நீக்குகிறது என்று எழுதியது. ஓரிரு நாளில் மக்காவில் சம்பளம் வராத தொழிலாளர்கள் பேருந்துகளுக்குத் தீ வைத்தார்கள். ஜூலை 30ஆம் தேதி நம் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், சவுதியில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் இருக்கும் இந்தியத் தொழிலாளர்கள் பத்தாயிரத்துக்கு மேல் என்று ட்விட்டரில் எழுதினார். சவுதி ஓஜர் என்ற கட்டுமான கம்பெனியின் முகாம்களில் பல மாதச் சம்பளம் பாக்கி. இணையமைச்சர் வி.கே. சிங் நேரில் போனார். தம்பி மாதிரி ஒருவர் முகாமில் சிக்கியிருக்கிறார் என்ற சேதி சென்னைக்கு வந்தது டெல்லியின் ட்வீட் வழியாக. ஜித்தாவின் பத்திரிகை வழியாக அல்ல. சவுதி ஓஜர் 2017 ஜூலையில் மூடப்பட்டது.

நவம்பர் 2016இல் சவுதி அரசு, தனியார் கம்பெனிகளுக்குத் தர வேண்டிய பாக்கியைத் தீர்க்க 10,000 கோடி ரியால் ஒதுக்கியதாக அறிவித்தது. அதுவரை பாக்கியின் அளவு இவ்வளவு வெளிப்படையாகப் பேசப்படவில்லை. தீர்க்கப்போகிறோம் என்ற நல்ல சேதியோடு சேர்த்துத்தான் அது அச்சில் வந்தது. வீட்டில் பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்பதையே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு சொல்வார்களே, அப்படி. அதனால் இனிமேல் அங்கே ‘நிலுவை தீர்ப்பு’, ‘கொடுப்பனவு துரிதம்’ மாதிரி ஒரு சேதியைப் பார்த்தால், நிலுவை எத்தனை மாதமாக இருந்தது என்று யோசியுங்கள்.

குவைத் கதை வேறு. அங்கே அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு நாடாளுமன்றம் இருந்தது, நடுவில் கலைப்பதும் கூட்டுவதுமாக. எம்பிக்கள் மந்திரிகளைக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேட்பார்கள். பத்திரிகைக்கு அது பெரிய கவசம். எம்பி சபையில் சொன்னார் என்று எதையும் எழுதலாம். 2020 ஆகஸ்டில் நிதி அமைச்சரே சபையில் எழுந்து, கஜானாவில் 200 கோடி தினார்தான் இருக்கிறது, அக்டோபருக்குப் பிறகு அரசுச் சம்பளத்துக்குப் போதாது என்றார். உலகத்தின் மிகப் பெரிய இறையாண்மை நிதிகளில் (அரசின் முதலீட்டுச் சேமிப்பு) ஒன்றை வைத்திருக்கும் நாடு! காசு இல்லை என்பதல்ல விஷயம். அந்த நிதியிலிருந்து எடுக்கச் சட்டம் இல்லை, கடன் வாங்கவும் சபை ஒப்பவில்லை. இந்த நுணுக்கம் தலைப்புக்குள் அடங்காது. தலைப்பில் ‘சம்பளத்துக்குப் பணமில்லை’ என்பதுதான் நின்றது.

அதே சுதந்திரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சபை இருந்தவரை, விலை விழும்போதெல்லாம் குவைத் எம்பிக்களுக்கு வெளிநாட்டவர் ஞாபகம் வந்துவிடும். அவர்களுக்கு ஓட்டு கிடையாது, திட்டினால் நஷ்டமில்லை. 2020 ஜூலையில் ஒரு சட்ட முன்வரைவு பற்றிய சேதி வந்தது: இந்தியர்கள் குவைத்தி மக்கள்தொகையில் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 8 லட்சம் இந்தியர் வெளியேற வேண்டியிருக்கும் என்று நம் பத்திரிகைகள், டிவி எல்லாம் அலறின. மண்ணடியிலும் எழும்பூரிலும் டிராவல் ஏஜென்சிகளில் போன் ஓயாமல் அடித்திருக்கும். அது குழு மட்டத்தில் இருந்த வரைவு. இந்தியருக்கு 15 சதவீதம் என்ற அந்த உச்சவரம்பு நடைமுறைக்கு வரவேயில்லை. இன்றும் குவைத்தில் சுமார் 10 லட்சம் இந்தியர் இருக்கிறார்கள். ஆக, சவுதிப் பத்திரிகையில் எழுதாததைக் கண்டு நிம்மதி அடையக் கூடாது என்றால், குவைத் பத்திரிகையில் எழுதியதைக் கண்டு பெட்டி கட்டவும் கூடாது. எம்பியின் பேச்சு, குழுவின் பரிந்துரை, சபையின் சட்டம், மந்திரிசபையின் நடைமுறை விதி, இந்த நான்கும் அங்கே ஒரே அளவு எழுத்தில்தான் அச்சாகிவந்தன. (2024 மே மாதம் அமீர் அந்தச் சபையை நான்கு ஆண்டு வரைக்கும் நிறுத்திவைத்துவிட்டார். அதன் பிறகு குவைத் பத்திரிகைகள் கொஞ்சம் கொஞ்சமாக அண்டை நாட்டுப் பத்திரிகைகள் மாதிரியே ஆகிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. 2025 மார்ச்சில் கடன் சட்டம் சபை விவாதம் எதுவும் இல்லாமல் ஆணையாகவே வந்தது.)

வளைகுடாவுக்கு வெளியே போனால் ஒப்பிட நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. நைஜீரியாவில் பத்திரிகைகள் யாருக்கும் பயப்படாமல் திட்டும். அங்கே எண்ணெய் வருவாய் மாதாமாதம் மத்திய அரசு, மாநிலங்கள், உள்ளாட்சிகள் மூவருக்கும் பங்கு பிரித்துத் தரப்படுகிறது. அந்தப் பங்கீட்டுக் கூட்டம் அங்கே மாதாந்திரச் செய்தி. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று அட்டவணை போடுவார்கள். 2015இல் பங்கு சுருங்கி, ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் சம்பளம் தர முடியாமல் பல மாநிலங்கள் மத்திய அரசின் உதவிக்குக் கை நீட்டின. ஆகவே லாகோஸ் வாசகருக்கு விலைச் சரிவு என்பது எந்த ஆளுநர் எத்தனை மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறார் என்ற பட்டியல். பிரெண்ட் விலையை விட அது எவ்வளவோ பயனுள்ள சேதி. வளைகுடாவில் அப்படி ஓர் அட்டவணை இருந்திருந்தால் 2016இல் பத்தாயிரம் பேர் பட்டினி கிடக்கும் வரை நமக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

வெனிசுவேலாவில் விலைச் சரிவு பத்திரிகையையே தின்றுவிட்டது. ஏற்றுமதி வருவாயில் 95 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். விலை விழுந்ததும் டாலர் வறண்டது. அச்சுக் காகிதம் இறக்குமதி, அதன் விநியோகம் அரசு நிறுவனத்தின் கையில். அரசை ஆதரிக்காத பத்திரிகைக்குக் காகிதம் கிடைக்காது. வலென்சியா நகரத்து எல் கரபோபெனோ 2016 மார்ச்சில் அச்சை நிறுத்தியது. தலைநகரின் பழைய நாளிதழ் எல் நாசியோனால் 2018 டிசம்பரில் நிறுத்தியது. பணம் இல்லாத அரசுக்குத் தணிக்கை செய்வதற்குக்கூட ஆள் வேண்டியதில்லை, ரீலை அனுப்பாமல் இருந்தால் சரி.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் யாரும் யாரையும் தணிக்கை செய்யவில்லை. ஆனால் எண்ணெய் கம்பெனிகள் ஆட்களை நீக்கிய சேதியை எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகளிலேயே 2016 ஜனவரியில் போஸ்ட்மீடியா நிறுவனம் ஆட்குறைப்பு செய்தது. கால்கரியிலும் எட்மண்டனிலும் போட்டிப் பத்திரிகைகளின் செய்திப் பிரிவுகள் ஒன்றாக்கப்பட்டன. கனடா முழுக்க அந்த நிறுவனத்தில் சுமார் 90 பேருக்கு வேலை போயிற்று. நார்வேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியில் போட்டு வைத்திருக்கிறார்கள், கணக்கு வெளிப்படை, அதனால் அங்கே இந்தச் சேதி சலிப்பூட்டும் அளவுக்கு நேர்மையானது. 2016 ஜனவரியில் அரசு முதல் தடவையாக நிதியிலிருந்து நிகரமாகப் பணம் எடுத்தபோது எந்த மாதம் எத்தனை குரோனர் என்று அச்சானது. ஸ்டவாங்கரில் வேலையிழந்த எஞ்சினியர்களைப் பற்றி அன்றாடம் எழுதினார்கள். அவ்வளவுதான்.

ஆரூடச் செய்திகளை நீங்கள் தாண்டிப் போகலாம். 1999 மார்ச்சில் பிரிட்டனின் எக்கனாமிஸ்ட் இதழ், உலகம் எண்ணெயில் மூழ்குகிறது, பேரல் 5 டாலருக்குக்கூடப் போகலாம் என்று அட்டைப்படம் போட்டது. அப்போது விலை 10 டாலர் சொச்சம். அதே ஆண்டு முடிவதற்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 2008 மே மாதம் அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்டுமேன் சாக்ஸ் 200 டாலர் வரை போகலாம் என்றது. அந்த டிசம்பரில் விலை 40க்குக் கீழே. 2020 ஏப்ரல் 20ஆம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெயான டபிள்யூடிஐயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலருக்கு முடிந்ததும், எண்ணெயை எடுத்துப்போகக் காசு கொடுக்கிறார்கள் என்று உலகம் முழுக்கத் தலைப்பு. அது ஓக்லஹோமாவில் கிடங்கில் இடமில்லாமல், ஒப்பந்தம் காலாவதியாவதற்கு முந்தைய நாள் நடந்த கூத்து. சவுதி எண்ணெய் அந்த விலைக்கு ஒரு சொட்டும் விற்கவில்லை. ஆசியாவுக்குப் போகும் சவுதி எண்ணெயின் விலையை ஓமன், துபாய் சராசரியை ஒட்டி சவுதி அரசின் எண்ணெய் கம்பெனியான அராம்கோ மாதம் ஒருமுறை நிர்ணயிக்கிறது. பத்திரிகையின் ஓரத்தில் சின்னதாக வரும் அந்த அறிவிப்பு, மைனஸ் தலைப்பைவிடத் தம்மாமுக்கு நெருக்கமானது.

அமைச்சர்கள் மாறுவதைக் கவனியுங்கள். 1986இல் விலை பத்து டாலர் வரை சரிந்த வருடம், கால் நூற்றாண்டாக எண்ணெய் அமைச்சராக இருந்த அகமது ஸகி யமானி அக்டோபரில் நீக்கப்பட்டார். தன் நீக்கத்தை அவர் தொலைக்காட்சிச் செய்தியில்தான் தெரிந்துகொண்டார் என்று சொல்வார்கள். 2016 மே மாதம் நயீமி போனார். காரணம் அச்சில் வராது. தேதியை மட்டும் விலை வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

சரி, நீங்கள் எதைப் படிப்பது?

சர்வதேச நிதியமான ஐஎம்எஃப் ஒவ்வொரு வருடமும் ஏப்ரலிலும் அக்டோபர் வாக்கிலும் ஒரு வட்டார அறிக்கை விடும். அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் பட்ஜெட் சமமாக எண்ணெய் என்ன விலையில் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சவுதிக்கு அண்மை ஆண்டுகளில் 90 டாலருக்கு மேல். அமீரகத்துக்கு 50ஐ ஒட்டி. விலை 65 என்றால் துபாயிலும் அபுதாபியிலும் இருக்கும் உங்கள் உறவினரின் நிலைமையும் தம்மாம் தம்பியின் நிலைமையும் ஒன்றல்ல என்று அந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும். ‘வளைகுடாவில் நெருக்கடி’ என்று மொத்தமாக எழுதும் சென்னைக் கட்டுரைகளை இதனால்தான் நான் பாதியில் மூடிவிடுவேன்.

அடுத்தது, பங்குச் சந்தையில் பதிவான கட்டுமான கம்பெனிகளின் காலாண்டு முடிவுகள். லாபத்தைப் பார்க்காதீர்கள், வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். அது காலாண்டுக்குக் காலாண்டு வீங்கினால் அரசு பில்லை இழுக்கிறது என்று அர்த்தம். எந்தப் பத்திரிகையும் தலைப்பாக்காத இந்த வரி சட்டப்படி வெளியாகியே தீர வேண்டும். அராம்கோ கொடுக்கும் டிவிடெண்டும் (லாபப் பங்கு, பெரும்பகுதி அரசுக்குத்தான் போகும்) அப்படியே. 2024இல் அது சுமார் 12,400 கோடி டாலர்; 2025க்கு கம்பெனியே அறிவித்த மதிப்பீடு 8,540 கோடி. அரசின் கைக்கு வரும் பணத்தில் அவ்வளவு குறைவு என்றால் எங்கேயோ ஒரு திட்டம் மெதுவாகத்தான் போகும். திட்டம் ரத்து என்று வராது. ‘மறுபரிசீலனை’, ‘கட்டம் கட்டமாக’ என்று வரும்.

அரபு நாளிதழ்களைச் செல்போனில் மொழிபெயர்த்துப் படியுங்கள். ஓகாஸ், அல் இக்திஸாதியா இரண்டும் போதும். ஆங்கிலப் பதிப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டு முதலீட்டாளருக்காக எழுதப்படுகின்றன. அரபுப் பதிப்புகள் மின்கட்டணம் கட்டுகிற உள்ளூர்க்காரருக்காக. அல் வதன் விஷயத்தில் பார்த்தோமே. கட்டணச் சேதிகளை ஒன்றும் விடாதீர்கள். 2017 ஜூலையில் வெளிநாட்டவரின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் தொடங்கி, வருடா வருடம் ஏறி, 2020இல் 400 ஆனது. குடும்பத்தை ஊருக்கு அனுப்பியவர்கள் ஏராளம். 2018 ஜனவரியில் 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி); 2020இல் விலை சரிந்ததும் ஜூலை முதல் 15 சதவீதம். எண்ணெய் தராத காசை வேறு யாரிடம் எடுக்கப்போகிறார்கள் என்பது இந்தச் சேதிகளில்தான் முதலில் தெரியும்.

சென்னையில் உட்கார்ந்தே பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. நம் நாளிதழ்களின் வெளிநாட்டு வேலை விளம்பரங்கள். மேசன், ஸ்டீல் ஃபிக்ஸர், ஸ்கஃபோல்டர் என்று நேர்முகத் தேர்வு விளம்பரம் வாராவாரம் எந்த நாட்டுக்கு வருகிறது, எது குறைகிறது என்று சில மாதம் கவனித்தால், வணிகப் பக்கத்தைவிட அந்தப் பக்கம் முன்கூட்டியே சொல்லிவிடும். டெஸ்கில் நாங்கள் அதை விளம்பரப் பிரிவின் சமாச்சாரம் என்று திரும்பியே பார்க்க மாட்டோம்.

இனி தம்பியிடம் கேட்க வேண்டியவை. எந்தப் பத்திரிகையும் இதற்கு ஈடாகாது. அவன் கம்பெனி அரசுத் திட்டத்தில் நேரடி கான்டிராக்டரா, சப் கான்டிராக்டரா, அதற்கும் கீழேயா? கீழே போகப் போக பணம் தாமதமாக வரும். சம்பளம் போன வருடம் எந்தத் தேதியில் விழுந்தது, இப்போது எந்தத் தேதியில் விழுகிறது? ஓவர்டைம் குறைந்ததா? வருடத்துக்கு இக்காமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) புதுப்பித்துக்கொண்டிருந்த கம்பெனி திடீரென்று மூன்று மாதத்துக்கு மட்டும் புதுப்பிக்கிறதா? மூன்று மாதப் புதுப்பித்தல் சட்டப்படி சரியானதுதான், 2021இலிருந்து உண்டு. ஆனால் பழக்கத்தை ஏன் மாற்றினார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

சம்பளம் நின்றால் கோபத்தில் வேலைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று கம்பெனி ‘ஹுரூப்’ பதிவு செய்துவிட்டால் பாக்கியைக் கேட்கும் வழியே சிக்கலாகிவிடும். சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறதா, கையில் தருகிறார்களா என்பது முக்கியம். வங்கியில் விழுந்தால் ஊதியப் பாதுகாப்பு முறையில் தாமதம் தானாகப் பதிவாகும். தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாற அங்கே விதி இருக்கிறது. புகாரை சவுதி தொழிலாளர் துறையில் பதிவு செய்துவிட்டு, இங்கிருந்து நீங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். அதற்கு அவனுடைய பாஸ்போர்ட் எண், இக்காமா எண், கம்பெனியின் பெயர், ஒப்பந்த நகல் நான்கும் வேண்டும். அவற்றின் படத்தை இந்த வாரமே வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.